வியான்னிக்கு அடுத்து நான்

நவம்பர் 9, திங்கள்

இந்த டைரி எனக்குப் பரிசாக வந்தது. போன ஆண்டுவிழாவில் முழு வருகைப் பரிசு என்று மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். மேடை ஏறினால் எனக்கு முன்னால் வியான்னி நிற்கிறான். அவனுக்கும் இதே டைரி, இதே நீல அட்டை. பள்ளியிலேயே ஒரு நாள்கூட லீவு போடாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தானாம். பங்குச் சாமியார் டைரியை நீட்டியபடி, "அடுத்த வருசம் யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்க, ஒரு டைரி மிச்சம்" என்று சிரித்தார். நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அன்றிலிருந்து இது அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்று தமிழ் மிஸ், நாட்குறிப்பு எழுதினால் கட்டுரைக்குக் கை ஓடும் என்றார்கள். பத்தாம் வகுப்பு, அரசுத் தேர்வு வருகிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். மனதில் உள்ளதைக் கொட்டுவதற்கு இல்லை. மனதில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 10, செவ்வாய்

எங்கள் பள்ளியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிறோம் என்று வெளிப் பலகையில் எழுதியிருக்கிறது. உள்ளே வந்து பார்த்தால் தெரியும் சேர்ந்திருக்கிற லட்சணம். பையன்களுக்குக் கிழக்குப் படி, எங்களுக்கு மேற்குப் படி. தண்ணீர்க் குழாய்கூடத் தனித்தனி. தலைமையாசிரியை சிஸ்டர் மாக்சின் வராந்தாவில் செபமாலை உருட்டிக்கொண்டே நடப்பார்கள். வாய் 'அருள்நிறைந்த மரியே' சொல்லும், கண் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தேடும்.

ஆனால் வருகைப் பதிவேட்டின் நடுவில் சிஸ்டரால் சுவர் எழுப்ப முடியவில்லை. முதலில் பையன்கள், அகர வரிசைப்படி. கடைசிப் பையன் வியான்னி. பிறகு பெண்கள். முதல் பெண் அக்னேஸ், அதாவது நான். எங்கள் வகுப்பு ஆசிரியர், கணக்கு நடத்தும் லாசர் சார் நடுவில் மூச்சு விடமாட்டார்.

"லூர்துராஜ்."

"உள்ளேன் ஐயா."

"வியான்னி."

"உள்ளேன் ஐயா."

"அக்னேஸ்."

"உள்ளேன் ஐயா."

ஆறாம் வகுப்பிலிருந்து எந்த சார் வந்தாலும் இதே வரிசைதான். என் பெஞ்சுக்காரி ஜெனோவாவுக்கு வாய் சும்மா இருக்காது. "தெனமும் காலைல சாரு ஒங்க ரெண்டு பேருக்கும் ஓலை வாசிக்காருட்டி" என்றாள் இன்று. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சேர்த்து வாசிப்பார்களே, அந்த ஓலை. மூன்று தடவை வாசித்தாலே தாலிதான், உங்களுக்கு ஐந்து வருடமாக வாசிக்கிறார்கள் என்றாள். தொடையில் கிள்ளி வைத்தேன்.

இது வெறும் போட்டி. எட்டாம் வகுப்பில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளேன் சொன்னேன். ஒன்பதில் அவனுக்குக் கண்வலி. அவனுடைய அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து சொன்னான், சொன்ன கையோடு சார் வீட்டுக்கு விரட்டிவிட்டார். லாசர் சாருக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு. "இந்த ரெண்டு பேரும் என்னைக்கு ஒண்ணா ஆப்சென்ட் ஆகுதாங்களோ, அன்னைக்கு நான் பாடம் நடத்த மாட்டேம்லே. ஒலகம் அழியப் போவுதுன்னு வீட்டுக்குப் போயிருவேன்" என்பார். வகுப்பே கைதட்டும்.

நவம்பர் 13, வெள்ளி

அப்பா கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்தில் மெழுகுதிரி ஏற்றுவது, கோயிலைப் பூட்டித் திறப்பது எல்லாம் அவர் வேலை. கூட்டிப் பெருக்குவது என் வேலை. சாயந்திரம் பெருக்கிக்கொண்டிருந்தபோது வியான்னி மெழுகுதிரியோடு வந்தான். அவனுடைய சித்தப்பா படகில் ஒரு ஆள் குறைகிறதாம், தங்கலுக்குப் போகிறானாம். தங்கல் என்றால் இரண்டு மூன்று நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிப்பது. கடலுக்குப் போகுமுன் மாதாவுக்குத் திரி ஏற்றுவது இங்கே எல்லாருக்கும் வழக்கம்.

அப்பா மணிக்கூண்டில் இருந்தார். சிஸ்டரும் இல்லை.

"திங்கக்கிழம பள்ளிக்கூடம் உண்டு, தெரியும்ல?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலமே கரைக்கு வந்துருவோம். மொத மணிக்கு நிப்பேன் பாரு."

"வராட்டி எனக்கென்ன. பரிசு எனக்கு மட்டும்."

திரியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னான்: "நான் உள்ளேன் சொன்னாத்தான சாரு ஒம் பேரக் கூப்பிடுவாரு."

அதில் என்ன இருக்கிறது? வரிசை அப்படி. வேறொன்றும் இல்லை. ஆனாலும் அதை எதற்கு எழுதி வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. அடிக்கலாம் என்றால் பக்கம் அசிங்கமாகிவிடும்.

நவம்பர் 15, ஞாயிறு

நேற்று மத்தியானத்திலிருந்து காற்று. வழக்கமான வாடைக்காற்று இல்லை, வேறு. பள்ளியின் சைக்கிள் கொட்டகைத் தகரம் பறந்துபோய், குகை மாதிரிக் கட்டிய மாதா கெபி முன்னால் கிடக்கிறது. மின்சாரம் இல்லை. கடலுக்குப் போன படகுகளில் பாதி கரைக்கு வந்துவிட்டன. அந்தப் படகு வரவில்லை.

நவம்பர் 16, திங்கள்

மழைக்காகப் பள்ளி விடுமுறை. அதனால் அவன் கணக்கில் ஒரு நாளும் குறையவில்லை.

நவம்பர் 18, புதன்

பள்ளி திறந்தது. இன்று நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. வகுப்பு முழுக்க நேரில் பார்த்தது, அது வேறு விஷயம்.

லாசர் சார் பதிவேட்டை எடுத்தார். எப்போதும் மூச்சு விடாமல் வாசிப்பவர் இன்று ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து ஆளைப் பார்த்தார். லூர்துராஜ் உள்ளேன் சொன்னான். சார் குனிந்தபடியே "வியான்னி" என்றார். பெயரை விட்டுவிட்டு வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை போல.

ஒரு சத்தமும் இல்லை. லூர்துராஜ் முடிந்தது, ஒரு பெயர் போனது, அடுத்து நான் என்று நாக்குக்குப் பழக்கம். "உள்ளேன் ஐயா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் பெயரை இன்னும் கூப்பிடவில்லை என்று தெரிந்தது. சார் பேனாவும் என்னைப் போலப் பழக்கத்தில் ஓடிவிட்டது, அவன் பெயருக்கு நேரே வருகை போட்டுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பையன்கள் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். அவன்தான் வந்துவிட்டான் என்று நினைத்தார்களாம்.

நவம்பர் 19, வியாழன்

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று அம்மா சொல்வாள். சரிதான். நேற்று வகுப்பில் நடந்தது கடற்கரைக்குப் போவதற்குள் வேறாகிவிட்டது. வியான்னி பெயரைக் கூப்பிட்டபோது பதில் வந்தது என்றார்கள் முதலில். பிறகு அவன் குரல் மாதிரியே இருந்தது என்றார்கள். இன்று காலையில் மீன் ஏலத்தில் அவன் குரலேதான் என்று முடிவாகிவிட்டது.

முதல் மணிக்கு அவனுடைய அம்மா செசிலி மாமி பள்ளி வாசலில் நின்றார்கள். தலை முடியாமல், காலில் செருப்பில்லாமல். சிஸ்டர் மாக்சின் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள்.

"சிஸ்டர், உள்ளேன்னா என்ன அர்த்தம்? எனக்குப் படிப்பு இல்ல. நீங்க சொல்லுங்க" என்று மாமி கேட்டார்கள்.

சிஸ்டர் தயங்கினார்கள். "இருக்கேன்னு அர்த்தம்மா."

"பாத்தீங்களா! எம்பிள்ள இருக்கேன்னுல்ல சொல்லிருக்கான். பேர எடுத்துராதீங்க சிஸ்டர். தெனமும் கூப்பிடச் சொல்லுங்க. கடல்ல எங்க கெடந்தாலும் கேப்பான்."

நான் மேற்குப் படியில் நின்றேன். இறங்கிப்போய் 'மாமி, அது நான்' என்று சொல்லியிருக்கலாம். இறங்கவில்லை. சிஸ்டர், பெயர் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

நவம்பர் 27, வெள்ளி

தினமும் கூப்பிடுகிறார். தினமும் யாரும் பேசுவதில்லை. சார் ஒரு மூச்சு நேரம் காத்திருந்துவிட்டு என் பெயருக்கு வருகிறார். நான் இப்போது கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். ஜெனோவா ஓலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசினால் பரவாயில்லை என்றிருக்கிறது.

டிசம்பர் 3, வியாழன்

அவன் சித்தப்பாவின் உடல் வடக்கே ஏதோ ஒரு கரையில் ஒதுங்கியிருக்கிறது. இடுப்பு பெல்ட்டை வைத்து அடையாளம் கண்டார்களாம். இன்று அடக்கம். அப்பா துக்க மணி அடித்தார். படகின் பலகை ஒன்றும் கிடைத்திருக்கிறது, பச்சை பெயிண்ட், அதில் எழுதியிருந்த மாதா பெயரில் பாதி.

அடக்கத்துக்கு செசிலி மாமி நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். கொழுந்தனுக்காக அழுதார்கள். மகனைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "அவன் பள்ளிக்கூடத்துல பேருக்குப் பதில் சொன்னவன். அவன அழாதீங்க" என்று அதட்டினார்கள். கூடியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும்.

டிசம்பர் 14, திங்கள்

அரையாண்டுத் தேர்வு. உட்காரும் வரிசையும் பதிவேடுதான். எனக்கு முன்னால் ஒரு காலி பெஞ்சு. அதன் மேல் ஒரு வினாத்தாளும் ஒரு விடைத்தாளும் வைத்து, பறக்காமல் இருக்க டஸ்டரை வைத்திருந்தார்கள். கணக்குத்தாள் கஷ்டம். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். முதுகைக் கொஞ்சம் சாய்த்து உட்காரும் நல்ல பழக்கமும் உண்டு, பின்னால் இருப்பவர்களுக்கு உதவியாக.

டிசம்பர் 25, வெள்ளி

கிறிஸ்துமஸ். பூசைக்குப் போனோம். கேக் சாப்பிட்டேன்.

ஜனவரி 5, செவ்வாய்

புது டைரி கிடையாது. இதிலேயே முன்பக்கம் காலியாகக் கிடக்கிற ஜனவரியில் எழுதுகிறேன். கிழமை எல்லாம் ஒரு நாள் தள்ளி அச்சாகியிருக்கிறது, பேனாவால் திருத்திக்கொள்கிறேன்.

வியான்னியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். புயலுக்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. வலையைக்கூடத் தொடுவதில்லையாம். காப்பியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "மணிய அடிச்சிருங்க அண்ணாச்சி. ஒரு குழியத் தோண்டி, அவன் துணியையாவது வச்சி மூடினா அங்க போயி உக்காந்து அழுவேன். இப்ப எங்க போயி அழ? கடலப் பாத்தா கோவந்தான் வருது."

"அவங்க சம்மதிக்கணுமே தம்பி. பெத்தவ சொல்லாம சாமியார் அடிக்க விடமாட்டாரு."

"அவ எங்க சம்மதிக்கா? அந்த ஒத்த வார்த்தையப் புடிச்சிக்கிட்டு தொங்குதா. யாரு சொன்னாளோ, அவ வாயி..." என்று நிறுத்திக்கொண்டார். நான் உள்ளே அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் திட்டி முடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 17, ஞாயிறு

கடற்கரையில் சிலுவை நிற்கிற குருசடிப் படியில் மாமி தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று போனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ கோயில்பிள்ளை மவதான? அவங்கூடப் படிக்கவளா?"

"ஆமா மாமி."

"அவன் பள்ளிக்கூடத்துல பேசுவானாட்டி? வீட்டுல வாயே தொறக்க மாட்டான். காச்சல் அடிச்சாலும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவான். அப்படி என்னதாம்ல இருக்குன்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு சிரிப்பான்."

மாமி மடியிலிருந்து அவித்த பனங்கிழங்கு எடுத்துப் பாதி ஒடித்துக் கொடுத்தார்கள். நாரை உரித்துக்கொண்டே அழுதேன். நார் பல்லில் மாட்டிக்கொண்டது என்றேன்.

ஜனவரி 28, வியாழன்

லாசர் சார் ஓய்வறை வாசலில் என்னை நிறுத்தினார். "அன்னைக்கு நான் போட்ட வருகைய அழிச்சிருக்கலாம். ஒயிட்னர் கையிலதான் இருந்துச்சி. மனசு வரல" என்றார். பிறகு ஏதோ நான் தப்புச் செய்ததுபோல, "போ, போய்ப் படி" என்று விரட்டினார்.

பிப்ரவரி 4, வியாழன்

காலையில் சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார்கள். இந்த வருடம் முழு வருகைப் பரிசு எனக்கு மட்டும்தானாம். நவம்பரில் நான் கேட்டது இதுதான். கிடைத்துவிட்டது.

சாயந்திரம் லாசர் சார் சொன்னார். மாமி பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறார்கள், ஒரே ஒரு தடவை வகுப்பு வாசலில் நின்று மகன் பெயரைக் கூப்பிடுவதைக் காதால் கேட்க வேண்டும் என்று. பதில் வந்தால் காத்திருப்பார்களாம். வராவிட்டால் மற்றவர்கள் சொல்கிறபடி துக்க மணி அடிக்கச் சம்மதமாம். நாளைக் காலை வருகிறார்கள்.

"நீ என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன் அக்னேஸ். எனக்கே தெரியல" என்றார் சார். கணக்கில் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜெனோவாவுக்குத் தெரிந்திருந்தது. "நீ சொல்லிருட்டி, உள்ளேன்னு. ஒத்த வார்த்ததான? அந்த அம்மா உசிரோட இருக்கட்டும்" என்றாள். அவள் சொல்வதும் நியாயம். அவனுடைய அப்பா காப்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் நியாயம். நான் வாயைத் திறந்தால் மாமி இன்னும் எத்தனை வருடம் குருசடிப் படியில் உட்கார்ந்திருப்பார்கள்? திறக்காவிட்டால் அவனை நான்தான் புதைக்கிறேன்.

எனக்கும் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. மாமிக்காக இல்லை. அவன் பெயருக்குப் பதில் வந்தால் எப்படி இருக்கும் என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

பிப்ரவரி 5, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

மாமி தலை வாரி, பூசைக்கு வருவதுபோல முக்காடிட்டு வாசலில் நின்றார்கள். சிஸ்டர் பக்கத்தில். நாற்காலி போட்டார்கள், மாமி உட்காரவில்லை. சார் எழுந்து நின்று பெயர் வாசித்தார். அவர் நின்று வாசித்தது இதுதான் முதல் தடவை. பையன்கள் எல்லாரும் சத்தமாக உள்ளேன் சொன்னார்கள், அவர்களாகப் பேசி வைத்துக்கொண்டதுபோல. ஒவ்வொரு குரலுக்கும் மாமி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.

"லூர்துராஜ்."

"உள்ளேன் ஐயா." அவனுக்குக் குரல் உடைந்தது.

"வியான்னி."

கைக்குட்டையை மொத்தமாக வாய்க்குள் திணித்துக்கொண்டேன். ஜெனோவா என் கையைப் பிடித்தாள். பிடித்தது சொல் என்றா, சொல்லாதே என்றா, எனக்குப் புரியவில்லை. சார் காத்திருந்தார். வழக்கமான ஒரு மூச்சு இல்லை. மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசும்போது பார்ப்பார்களே, அப்படி.

நான் சொல்லவில்லை.

சார் மறுபடி ஒருமுறை, மெதுவாக, "வியான்னி" என்றார். வகுப்பில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். பிறகு "அக்னேஸ்" என்றார்.

கைக்குட்டையை எடுத்துவிட்டு, "உள்ளேன் ஐயா" என்றேன்.

மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பெஞ்சுகளுக்கு நடுவில் நேராக என்னிடம் வந்தார்கள். பையன்கள் பக்கம், பெண்கள் பக்கம் எதையும் பார்க்கவில்லை. என் தாடையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"அன்னைக்குச் சொன்னது நீதானாட்டி?"

"ஆமா மாமி. தெரியாமச் சொல்லிட்டேன். அவன் பேருக்கு அடுத்து எம்பேரு. எப்பவும் அவன் சொல்லுவான், அடுத்து நான் சொல்லுவேன். அவன் சொல்லல, அதான்..."

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலோடு ஓடிவரும் அளவுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று மகனிடம் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்ததுபோல.

"நீயா..." என்றார்கள். "தெனமும் அவனுக்கு அடுத்து நீயா?"

தலையை ஆட்டினேன். மாமி என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். சேலையில் கடல் வாசம். அதற்குப் பிறகுதான் அழுதார்கள். நவம்பரிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை முழுவதும் என் தலைமேல் விழுந்தது. சிஸ்டர் மாக்சின் செபமாலையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போகும்போது மாமி என்னிடம் மட்டும் சொன்னார்கள்: "ஒங்க அப்பாகிட்டச் சொல்லு. மணிய அடிக்கட்டும்."

பிப்ரவரி 6, சனி

எங்கள் கோயிலில் இரண்டு மணி. பெரியவர்கள் இறந்தால் பெரிய மணி, புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்காத பிள்ளைகளுக்குச் சின்ன மணி. காலையில் அப்பா இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஒன்றும் ஓடாமல், "அவனுக்கு ஒன் வயசுதானட்டி?" என்று கேட்டார்.

"என்னவிட ரெண்டு மாசம் பெரியவன். போன மாசம் பதினாறு முடிஞ்சிருக்கும்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். புதுநன்மை வாங்கியவன்தான், கணக்குப்படி பெரிய மணி. அதன் கயிற்றைப் பிடித்தார். நான் காதைப் பொத்தவில்லை.

பெட்டியில் அவன் சீருடையை மடித்து வைத்தார்கள். மாமி இஸ்திரி போட்டிருந்தார்கள். பரிசாக வாங்கிய நீல டைரியையும் வைத்தார்கள். அதில் அவன் ஒரு வரிகூட எழுதவில்லையாம். அவனுக்கும் மனதில் ஒன்றும் இல்லை போல. நான் முதல் நாள் இங்கே எழுதியதுபோலத்தான் அதுவும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெட்டி லேசாக இருந்தது. தூக்கியவர்கள் நடை அதனால்தான் தடுமாறியது. பூசையில் சாமியார் அவன் பெயரைத் தனியாகச் சொன்னார். அடுத்து யார் பெயரும் இல்லை. நான் முதல் தடவையாக அவன் பெயரை அப்படித் தனியாகக் கேட்டேன். எனக்கு அவன் வேண்டும். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன், இங்கே எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை பதிவேட்டிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று சிஸ்டர் கல்லறையில் வைத்து அவனுடைய அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லூர்துராஜுக்கு அடுத்து நேராக நான்.

பிப்ரவரி 8, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "பரிசு போயிருமேட்டி, அஞ்சு வருசமாக் காத்தது" என்றாள். அப்பா, "விடு அவள" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். முதல் மணி அடித்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அந்தப் பரிசை அவன் எனக்குத் தனியாக விட்டுவிட்டுப் போனான். எனக்குத் தனியாக வேண்டாம்.

சாயந்திரம் ஜெனோவா வந்தாள். பை தோளிலேயே இருந்தது, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறாள்.

"சாரு புதுசா எழுதுன பதிவேடு கொண்டாந்தாரு. வியான்னி பேரு அதுல இல்ல. லூர்துராஜ் உள்ளேன் சொன்னான். சாரு பழக்கத்துல வியான்னின்னு கூப்பிட்டுட்டாரு. கூப்பிட்டுட்டு அப்படியே நின்னுட்டாரு. ஒரு சத்தமில்ல. பெறவு ஒம் பேரக் கூப்பிட்டாரு. அதுக்கும் சத்தமில்ல."

"பெறவு?"

"தலையத் தூக்கி ஒன் எடத்தப் பாத்தாரு. அவன் எடத்தப் பாத்தாரு. 'ரெண்டு பேரும் வரலியா'ன்னாரு. யாருகிட்டக் கேட்டாருன்னு தெரியல."

ஜெனோவா பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மத்த பேர வாசிக்கவே இல்லட்டி. பதிவேட்ட மூடி வச்சிட்டு ஜன்னல்கிட்டப் போயி நின்னாரு. மணி அடிக்கிற வரைக்கும் திரும்பல. இன்னைக்குப் பாடம் நடத்தல."